சித்திரையில் திறக்கும் குழிக்கு எந்த சைலேஜ் கல்ச்சர்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பசுந்தீவனம் என்பது கண்மாயில் தண்ணீர் கிடக்கும் வரைதான். தையில் மக்காச்சோளத்தை அறுத்துக் குழியில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடினால், அது புளித்துச் சைலேஜ் ஆகி, எடை ஏற்றி விற்கும் காளைக் கன்றுகளுக்குச் சித்திரை, வைகாசியில் கைகொடுக்கும். தீவனத்தைப் புளிக்கவைக்கத் தெளிக்கும் நுண்ணுயிர்தான் கல்ச்சர். அதை வாங்கும்போது இந்த மாதக் கணக்கு மனதில் இருக்க வேண்டும்.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை, அல்லது இரண்டும் கலந்தது. முதலாவது லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான் இதன் வேலை: தீவனத்திலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி, சில நாட்களிலேயே பிஹெச் அளவை (புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 4 பக்கம் இறக்கிவிடும். சத்து இழப்பும் குறைவு. ஆனால் குழியைத் திறந்து காற்றுப் பட்டதும், ஈஸ்ட் அந்த லாக்டிக் அமிலத்தையே தின்று பெருகும். தீவனம் எடுக்க வெட்டிய முகப்பில் ஒரு சாண் ஆழத்துக்குக் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் தீவனம் கெட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் பூஞ்சை வரும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும்.

இரண்டாவது லாக்டோபேசில்லஸ் பக்னரி. இது லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக மாற்றும். வினிகரில் இருக்கும் அதே அமிலம், ஈஸ்டை அடக்கிவைக்கும். இந்த மாற்றத்தில் சத்து கொஞ்சம் கழியும், 45 முதல் 60 நாள் பொறுக்கவும் வேண்டும். அவசரமாகக் குழி திறப்பவர்களுக்கு அது குறைதான். தையில் மூடிச் சித்திரையில் திறக்கும் நமக்கு அதில் நஷ்டமே இல்லை. மக்காச்சோளத்துக்கு நான் பக்னரி பக்கம்தான்.

மாட்டு எண்ணிக்கையும் இதைத் தீர்மானிக்கும். ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள முகப்பு. கன மீட்டருக்கு 600 கிலோ. தலைக்கு 12 கிலோ வீதம் பத்து மாடு தின்றால் முகப்பு தினமும் 13 சென்டிமீட்டர் நகரும். நாலு மாடு என்றால் 5 சென்டிமீட்டர்தான். காற்றுப் பட்ட தீவனம் கெடுவதற்குள் தீர வேண்டுமே; அதற்கு வெயில் காலத்தில் 15 சென்டிமீட்டராவது நகர்ந்தால் நல்லது. ஆக, நாலு மாட்டுக்காரருக்குக் குழியே வேண்டாம். ஐம்பது கிலோ பைகளில் காற்றை வெளியேற்றிக் கட்டி, தினம் ஒன்றாகப் பிரித்தால் போதும். அதற்குப் பிளான்டாரமே தாராளம்.

கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் புல் ரகங்கள் வேறு கதை. ஈரம் அதிகம், சர்க்கரை குறைவு. சர்க்கரை இல்லாமல் எந்தக் கல்ச்சரும் சரியாக வேலை செய்யாது. ஆகவே அறுத்து வாடவிட்டு, வெல்லப்பாகு சேர்த்த பிறகே கல்ச்சர். வாடவிடாமல் போட்டால், கெட்டுப்போன வெண்ணெய் மாதிரி நாற்றமடிக்கும்.

கல்ச்சர் போட்டதாலேயே எடை ஏறிவிடாது. வீணாகாமல் மிஞ்சும் தீவனமும், மாடு ஒதுக்காமல் தின்பதும்தான் லாபம். மக்காச்சோள சைலேஜில் புரதம் குறைவு என்பதால் பிண்ணாக்கு தனியாக வேண்டும். ஈரமான தீவனத்தையோ சரியாக மிதிக்காத குழியையோ எந்தப் பாக்கெட்டும் காப்பாற்றாது.

வாங்கும்போது பாக்கெட்டின் காலாவதித் தேதியையும், ஒரு கிராம் தீவனத்துக்கு எத்தனை நுண்ணுயிர் சேரும் என்பதையும் பாருங்கள்: பிளான்டாரம் ஒரு லட்சம், மக்காச்சோளத்தில் பக்னரி நாலு லட்சம். வெயிலில் வண்டியில் வைக்காதீர்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைக்காமல், கிணற்றுத் தண்ணீரில் கரைத்து, நறுக்கிய தீவனம் அடுக்கடுக்காக விழும்போது சமமாகத் தெளியுங்கள்.