புரோபோலிங்கோ வரும்போது பஸ்ஸை விட்டு முன்கூட்டியே இறங்காதீர்கள்

இந்தோனேசியாவின் புரோமோ எரிமலைக்குப் புரோபோலிங்கோ ஊர் வழியாக உள்ளூர் பஸ்ஸில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனிக்கார் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் இல்லை.

2023 ஆகஸ்டில் நானும் கணவரும் கிழக்கு ஜாவாவில் தொடங்கிப் பாலி வரை பதினாறு நாள் சுற்றினோம். சுரபாயாவில் இறங்குவது, புரோமோ, இஜென் என்ற இரண்டு எரிமலைகளையும் பார்ப்பது, கெத்தாபாங் துறையில் படகேறிப் பாலிக்குப் போய் லோவினா, கூட்டா கடற்கரைகளில் சில நாள் கிடப்பது. இவ்வளவுதான் திட்டம். பஸ், படகு, பகிர்ந்துகொள்ளும் வேன் தவிர வேறு எதிலும் ஏறுவதில்லை என்று ஒரு வைராக்கியம். அந்த வைராக்கியம் இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கே போய்விட்டது.

சுரபாயா விமான நிலையத்திலிருந்து டாம்ரி என்ற அரசு பஸ்ஸில் பூரபாயா டெர்மினலுக்கு வந்தோம். ஊரில் எல்லோரும் அதைப் புங்குராசி என்றுதான் சொல்கிறார்கள். அங்கே 'பாதாஸ்' என்று எழுதியிருப்பது ஏசி விரைவு பஸ், 'எகோனோமி' சாதா பஸ். வாசலில் நின்று பையைப் பிடித்து இழுப்பவர்களைத் தாண்டி, வண்டிக்குள் ஏறிக் கண்டக்டரிடம் காசு கொடுத்தால் போதும். அதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தோம். ஒன்றே ஒன்று, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது "புரோமோ? புரோமோ?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்று சந்தோஷமாகத் தலையாட்டினோம். எங்கள் தலையில் மிளகாய் அரைக்க அம்மி எடுத்துவைத்தது அப்போதுதான் என்று இப்போது தோன்றுகிறது. "புரோபோலிங்கோ, பாயுவாங்கா டெர்மினல்" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். புரோமோ என்று சொல்கிறவன் வெளியூர்க்காரன், கையில் காசோடு வருகிறவன்.

புரோபோலிங்கோ ஊருக்குள் நுழைந்ததும் வண்டி ஓரங்கட்டி நின்றது. கண்டக்டர் "புரோமோ, புரோமோ, டெர்மினல்" என்று எங்களைப் பார்த்துக் கூவினார். எழுந்து பார்த்தால் எங்கள் பைகள் அதற்குள் கீழே இறங்கிவிட்டிருந்தன.

கணவர் போனைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுதேம்மா" என்றார்.

"ஏங்க, வண்டிக்காரருக்குத் தெரியாததா உங்க போனுக்குத் தெரியப்போகுது? இறங்குங்க" என்றேன் நான்.

ஆக, தவறு என்னுடையது. இதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வீட்டில் நிபந்தனை.

அந்த வண்டியில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. டெர்மினல் என்றால் பாதி வண்டி காலியாக வேண்டாமா? அது உறைக்கவில்லை. எங்கள் பின் இருக்கையில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி இருந்தார். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஆட்டினேன். 'இது இல்லை, இங்கே இறங்காதே' என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார் என்பது மறுநாள் மதியம்தான் புரிந்தது. அந்தக் கையை இன்றும் மறக்க முடியவில்லை.

இறங்கிய இடம் ஒரு டிராவல்ஸ் கடையின் வாசல். பெயர் வேண்டாம், ஒன்றை மூடினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும் தொழில் இது. வெளியே 'தகவல் மையம்' என்று ஆங்கிலத்தில் பெரிய பலகை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சூரிய உதயப் படங்கள், மேசையில் லாமினேட் செய்த வரைபடம். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், நல்ல ஆங்கிலம். உட்காரச் சொல்லிச் சூடாகத் தேநீர் கொடுத்தார். அவசரமே காட்டவில்லை, அதுதான் அவருடைய திறமை.

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. புரோமோவின் விளிம்பில் இருக்கும் செமோரோ லாவாங் கிராமத்துக்கு மினி பஸ்தான் போகும், அதைப் 'பைசன்' என்பார்கள், பதினைந்து பேர் சேராமல் கிளம்பாது, பொழுது சாய்ந்தால் ஆள் சேர்வது கஷ்டம். எல்லாம் சரியான தகவல். அதன் நடுவில் "கடைசி வண்டி போய்விட்டது, இதுதான் டெர்மினல் அலுவலகம்" என்ற இரண்டு பொய்யையும் சேர்த்துவிட்டார். முன்பே படித்திருந்த விஷயங்களை அவர் வாயால் கேட்டதும் மிச்சத்தையும் நம்பிவிட்டோம்.

வேன், தங்கும் அறை, ஜீப், நுழைவுச் சீட்டு, அடுத்த நாள் இஜென், கடைசியில் கெத்தாபாங் துறையில் கொண்டுவிடுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 28 லட்சம் ரூபியா என்றார். அந்த ஊர்ப் பணத்தில் பூஜ்ஜியம் அதிகம் என்பதால் லட்சம் என்றதும் பதற வேண்டாம். ஆனாலும் எங்கள் கணக்குக்கு அது மிக அதிகம். நான் பேரம் பேசி இருவருக்குமாக 35 லட்சத்துக்குக் கொண்டுவந்தேன். 21 லட்சம் குறைத்துவிட்டேன் என்று வேனில் ஏறும்வரை ஒரே பெருமை.

ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்பன் வைத்து எழுதும் சின்னப் புத்தகம். பச்சை மையில், சாய்வான கையெழுத்தில் 'புரோமோ, 2 ஓராங், லூனாஸ்' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ஓராங் என்றால் ஆள், லூனாஸ் என்றால் முழுப்பணமும் கட்டியாயிற்று. இஜென் என்ற சொல் அந்தத் தாளில் இல்லை. கடையின் முத்திரை இல்லை, போன் நம்பர் இல்லை. அதை நாலாக மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது வேறு கதை.

அறை மோசம். செமோரோ லாவாங் இருப்பது எரிமலைப் பெருங்குழியின் விளிம்பில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே. ஆகஸ்ட் அங்கே வறண்ட காலம், இரவில் கடுங்குளிர். சில நாட்களில் புல்லில் உறைபனியே படியுமாம். எங்களுக்குக் கிடைத்தது ஈரவாடை அடிக்கும் ஒரு போர்வை, நூலாக வழியும் பச்சைத் தண்ணீர். ஜீப்பில் எங்களோடு இன்னும் நாலு பேர். பூங்கா வாசலில் டிரைவர் வண்டியை நிறுத்தி நுழைவுச் சீட்டு கேட்டார். "அது பணத்தில் அடக்கம்" என்றோம். அவர் ரசீதை டார்ச் வெளிச்சத்தில் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்த அதிகாலை மூன்றரை மணிக்கு யாரோடு சண்டை போடுவது? வார நாள் கட்டணம் அப்போது வெளிநாட்டவருக்கு 2,20,000. இரண்டு பேருக்கு நாலு லட்சத்து நாற்பதாயிரம் எண்ணிக் கொடுத்தோம். (2024 அக்டோபர் இறுதியிலிருந்து எல்லா நாளும் 2,55,000 ஆகிவிட்டது. இணையத்தில் நீங்களே வாங்குங்கள், எவர் மூலமும் வேண்டாம்.)

புரோமோவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உயரம் 2,329 மீட்டர்தான், ஆனால் மணல் கடல் என்று அவர்கள் சொல்லும் அந்தச் சாம்பல் வெளியில் நடந்து, படியேறி, விளிம்பில் நின்று உள்ளே புகையைப் பார்க்கும்போது பட்ட கஷ்டம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. பின்னால் ஜாவாவிலேயே உயரமான செமெரு அவ்வப்போது ஒரு கொத்துப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. அடிவாரத்து மணலில் தெங்கர் மக்களின் இந்துக் கோயில் இருக்கிறது. அவர்கள் கசாதா விழாவில் காய்கறி, கோழி என்று எரிமலை வாயிலேயே காணிக்கை போடுவார்கள். நாங்கள் எங்கள் காணிக்கையை முந்தின நாளே கடையில் செலுத்தியிருந்தோம்.

மதியம் வேன் எங்களை அதே கடைக்குக் கொண்டுவந்தது. தேநீர் கொடுத்தவர் இல்லை. வேறு ஒருவர், ஆங்கிலமும் குறைவு. இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ரசீதை வாங்கிப் பார்த்தார். 'புரோமோ' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இஜென், நோ." அதற்கு இன்னும் 16 லட்சம் கட்டினால் இரவே வண்டி என்றார். கத்தினோம், போலீஸ் என்றோம், அழாத குறை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, சுத்தமான கல்லுளிமங்கன். எங்களைப் போல நாளைக்கு நாலு பேரைப் பார்க்கிறவர்.

கணவர் ஒன்றும் பேசாமல் பையை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தபடி வெளியே நடந்தார். இருபது நிமிட நடை. அங்கே இருந்தது உண்மையான பாயுவாங்கா டெர்மினல். நடைமேடைகள், கூரை, சாப்பாட்டுக் கடைகள், நூறு பேர் உட்காரும் பெஞ்சுகள். வெளியே சாலையோரம் ஒரு பைசன் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செமோரோ லாவாங்குக்கு எவ்வளவு என்று கேட்டேன். நாற்பதாயிரம் என்றார், வாயில் சோற்றோடு.

அன்று இரவு கணக்குப் போட்டோம். மினி பஸ் போகவர, சுமாரான அறை, ஜீப்பில் பங்கு, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 12 லட்சத்தில் முடிந்திருக்கும். இஜெனையும் சேர்த்தாலே இருபதைத் தாண்டியிருக்காது. நாங்கள் புரோமோவுக்கு மட்டும் கொடுத்தது 39 லட்சத்து நாற்பதாயிரம். உண்மையில் ஜீப்பே கட்டாயமில்லை. கிராமத்திலிருந்து எரிமலை வாய்க்கு மூன்று கிலோமீட்டர்போலத்தான், நடந்தே போகிறவர்களைப் பார்த்தோம்.

பிறகு சித்துபோன்டோ வழியாகப் போகும் எகோனோமி பஸ்ஸில், இஜெனுக்குப் பக்கத்து ஊரான பன்யுவாங்கிக்குப் போனோம். அங்கே தங்கிய வீட்டிலேயே இஜெனுக்குப் பகிர்வு வண்டி ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்கு மூன்றரை லட்சம், அதில் என்னென்ன அடக்கம் என்று அவர்களே வாட்ஸப்பில் எழுதி அனுப்பினார்கள். நுழைவுச் சீட்டு, முகமூடி, டார்ச் எல்லாம் வந்தன. நள்ளிரவில் கிளம்பி மூன்று கிலோமீட்டர் ஏறினால், இருட்டில் கந்தக வாயு நீலமாக எரிவது தெரியும். எழுபது, எண்பது கிலோ கந்தகக் கட்டிகளைத் தோளில் காவடிபோல் சுமந்து வரும் தொழிலாளர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபோது, எங்கள் 39 லட்சத்தைப் பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது இஜென் ஏற உடல்நலச் சான்று வேண்டும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படகில் தொல்லை இல்லை. பாலியில் இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வையுங்கள், கடைசி பஸ்ஸைக் கோட்டை விடுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் விடுகிறார்கள். லோவினாவின் கருமணல் கரையில் நாலு நாள் நிம்மதியாக இருந்தோம்.

கூட்டாவில் ஒரு பணமாற்றுக் கடை. பலகையில் மற்ற எல்லாரையும்விட நல்ல விலை, கமிஷன் இல்லை. 200 டாலர் நீட்டினேன். ஐம்பதாயிரம் தாள்களாகப் பத்துப் பத்து லட்சம் அடுக்கி என் கண்முன்னே எண்ணினார். நானும் எண்ணினேன், சரியாக இருந்தது. பிறகு 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று மூன்று அடுக்கையும் அவர் பக்கம் இழுத்து, மேசை விளிம்பில் தட்டிச் சேர்த்து நீட்டினார். அந்தத் தட்டலில்தான் விஷயம். வாங்கிய கையோடு அங்கேயே நின்று திரும்ப எண்ணினேன், ஆறு தாள் குறைந்தது. மூன்று லட்சம். நான் ஒன்றும் சொல்லவில்லை, நிமிர்ந்து பார்த்தேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியாக எண்ணுவது உங்கள் கையாக இருக்கட்டும். அல்லது பேங்க் இந்தோனேசியா அனுமதிச் சின்னம் உள்ள கவுன்டருக்குப் போங்கள், விலை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

புரோபோலிங்கோவுக்குத் திரும்ப வருகிறேன். மறுபடி போனால் சுரபாயா குபெங் நிலையத்திலிருந்து ரயிலில்தான் போவேன். ரயிலை வழியில் கடை வாசலில் நிறுத்த முடியாது. நிலையத்திலிருந்து 'ஆங்கோட்' என்ற மஞ்சள் நிறப் பகிர்வு வேன்கள் டெர்மினல் பக்கம் போகின்றன. பஸ்ஸில்தான் போவீர்கள் என்றால் சாமானை அடியில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்ச் சேருங்கள். உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக இறங்கும்வரை உட்கார்ந்தே இருங்கள். கண்டக்டர் கத்தினால் கத்தட்டும், வண்டி எப்படியும் டெர்மினலுக்குள் போயே தீரும்.

இன்னொன்று. ஊர் திரும்பிய பிறகு வரைபடத்தில் அந்தக் கடையைத் தேடினோம். அவர்கள் தங்கள் கடைக்குத் தாங்களே ஒரு குறி போட்டு, பெயரோடு 'டெர்மினல்' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். அதனால் வெறும் 'புரோமோ டெர்மினல்' என்று தேடாதீர்கள். பாயுவாங்கா என்று தேடி, பஸ்கள் வரிசையாக நிற்கும் படம் வருகிறதா என்று பார்த்து, அந்த இடத்தைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் இறங்கச் சொன்னாலும் போன் சொல்வதையே கேளுங்கள்.