கடித்துத் தின்னும் ஆப்பிளா, ஜூஸா?

நடுத்தர ஆப்பிள் ஒன்று சுமார் 180 கிராம் இருக்கும். தோலோடு தின்றால் 95 கலோரி, 19 கிராம் சர்க்கரை, 4 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. வடிகட்டிய ஜூஸ் ஒரு டம்ளரில் கலோரி 115, சர்க்கரை 24 கிராம். நார்ச்சத்து அரை கிராம் தேறினாலே பெரிது.

எண்களை விடுங்கள், வேகத்தைப் பாருங்கள். ஜூஸ் நாலே மடக்கில் காலி. பழத்தை மென்றுதான் ஆக வேண்டும். நார் இருப்பதால் சர்க்கரையும் ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும், வயிறும் நிறையும். தோலை மட்டும் சீவிவிடாதீர்கள்: நார்ச்சத்தில் ஏறக்குறைய பாதி அதோடு போய்விடும்.

அப்புறம் அந்த முதல் கடி! பல் பதிந்ததும் 'நறுக்'கென்று ஒரு சத்தம், உதட்டோரம் வழியும் சாறு, தோலின் லேசான துவர்ப்பு, பின்னாலேயே இனிப்பு. எந்த டம்ளரிலும் இது கிடைக்காது. நறுக்கி வைப்பதாக இருந்தால் நாலு துளி எலுமிச்சைச் சாறு தடவுங்கள், சீக்கிரம் கறுக்காது.

மெல்ல முடியாதவர்களுக்கு ஜூஸ் சரி. அதையும் வடிகட்டாமல் கொடுங்கள். எனக்கு எப்போதும் முழுப் பழம்தான்.