கோத்தகிரி வீட்டில் கணப்பைச் சுற்றி ஒட்டியது கல் இல்லை

கோத்தகிரியில் அம்மா தனியாக இருக்கும் வீட்டில், கணப்பை (குளிர் காய விறகு மூட்டும் சுவர் அடுப்பை)ச் சுற்றிக் கல் பதிக்கிறோம் என்று சொல்லி நுரைப் பிளாஸ்டிக்கை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதன் முன்னால் அம்மா இரண்டு வாரம் தினமும் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார். நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்று எங்கே பழைய வீட்டைப் புதுப்பிப்பதாக இருந்தாலும், இதைப் படித்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

அப்பா வாங்கிய வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. அப்பா இருந்தவரை ஓதம் ஏறிய இடத்தை அவரே சுரண்டிச் சுண்ணாம்பு அடித்துவிடுவார். அவர் போன பிறகு முன்னறைச் சுவர் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்தது. ஒரு சுவருக்கு மரப்பலகை, கணப்பைச் சுற்றி நல்ல கல் என்று செய்துவிட்டால் அம்மாவுக்கு அறை கதகதப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு இன்டீரியர் ஆள் வந்தார். பேச்சு இனிமை. கையில் ஒரு கல் சாம்பிள், ஒரு தேக்குத் துண்டு. இரண்டுமே அசல். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் ‘நேச்சுரல் ஸ்டோன் கிளாடிங், பதப்படுத்திய தேக்குப் பலகை’ என்று இருந்தது. கிளாடிங் என்றால் சுவரின் மேல் பதிப்பது. மொத்தம் 2,85,000 ரூபாய். முதலிலேயே 2,00,000 வாங்கிக்கொண்டார். அதுவே என் முதல் தப்பு. இரண்டாவது தப்பு, வேலை நடந்த நாட்களில் நான் அங்கே இல்லாதது. தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று அக்டோபர் மழையில் ஆரம்பித்தார்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஈரத்தில், ஓதம் காயாத சுவரில், பலகையை நேராக ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள். நான்கு நாளில் வேலை முடிந்தது.

தீபாவளிக்குப் போனபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது. எங்கள் வீட்டில் அந்த மாதத்தில் தரை, அம்மி, வாசல்படி எல்லாம் தொட்டால் பனிக்கட்டி மாதிரி இருக்கும். இந்தக் கல்லைத் தொட்டேன், சில்லிப்பே இல்லை. தட்டினால் டொக் டொக் என்று உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம். இன்டீரியர் ஆளைக் கேட்டதற்கு, “அது கோட்டிங் மேடம், குளிர் ஏறாது” என்றார். நம்பினேன். மீதிப் பணத்தில் 60,000 கொடுத்தேன்.

டிசம்பரில் குளிர் இறங்கியதும் அம்மா சீகை விறகு போட்டு மூட்ட ஆரம்பித்தார். ஒரு ராத்திரி போனில், “கண்ணு, நெருப்பு மூட்டினா கல்லுல இருந்து ஒரு நாத்தம் வருது, கண்ணு எரியுது” என்றார். புது பாலிஷ் வாசனையாக இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றேன். அடுத்த வாரம், “கணப்பு வாய்க்கு மேல இருக்கற கல்லு பழுப்பா மாறி தொங்குதும்மா” என்றார். கல் எங்கேயாவது தொங்குமா? மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

சமையலறைக் கத்தியால் ஓரத்தைக் கீறினேன். மேலே காகிதம் போல ஒரு வர்ணப் பூச்சு, உள்ளே மஞ்சள் நுரை. பாலியூரித்தேன். மெத்தை, சோபாவில் இருக்கிற நுரையின் கெட்டியான வகை. இது தீப்பிடித்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். எழுபது வயது மனுஷி கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்தில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆளுக்கு போன் செய்தேன். “மேடம், பில்லைப் பாருங்க, ஸ்டோன் லுக் பேனல்னுதான் போட்டிருக்கேன்” என்றார். எடுத்துப் பார்த்தேன். கொட்டேஷனில் இருந்த ‘நேச்சுரல் ஸ்டோன் கிளாடிங்’, பில்லில் ‘நேச்சுரல் ஸ்டோன் லுக் பேனல்’ ஆகியிருந்தது. கிளாடிங்கைப் பேனலாக்கி, ‘லுக்’ என்ற ஒரு சொல்லையும் நுழைத்திருக்கிறார். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

பலகையின் கதை தனி. ஜனவரி வெயிலும் அறைச் சூடும் பட்டதும் பலகைகள் வளைந்து, நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டன. ஊர்க்காரர் ஒருவர், வயதான ஆசாரி, ஒரு பலகையைப் பெயர்த்துக் காட்டினார். முதுகுப் பக்கம் முழுக்கக் கருப்புப் பூஞ்சணம். மேலே இருந்த சாயத்தை உளியால் சீவினார், உள்ளே சில்வர் ஓக். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்குமே, அந்த மரம். அதற்கென்று உள்ள மினுமினுப்புப் புள்ளிகளை விரலால் தடவிக் காட்டினார். “மரம் மேல தப்பில்லைம்மா. காய வெச்சிருந்தா நல்லா உழைக்கும். இது பச்சை மரம்” என்றார். எங்கே வெட்டியது என்பதற்கும் பில் கிடையாது. மலைப்பகுதியில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், 1955-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. அதனால் பலகை வாங்கிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எல்லாவற்றையும் பிரித்துவிட்டோம். பேனலை ஒட்டிய பசை பழைய சுண்ணாம்புப் பூச்சையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது, அதைத் திரும்பப் பூச வேண்டியிருந்தது. கணப்பின் வாயைச் சுற்றி மேஸ்திரி உண்மையான கல் வைத்துக் கட்டினார். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்குமே என்று கேட்டேன். நெருப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும் என்றார். மேலே வைக்கும் மரப்பலகையையும் நன்றாகத் தள்ளி வைத்தோம். அமெரிக்கக் கட்டட விதிகளில், கணப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வாய்க்கு மேலே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை இன்னும் தூரம் தள்ளி இருக்க வேண்டும். தீ நேராகப் படாவிட்டாலும், வருஷக்கணக்கில் சூடு வாங்கிய மரம் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். மரச்சுவர் ஆசை விடவில்லை. அதை எதிர்ச் சுவரில், முதலில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, பின்னால் காற்றுப் போக இடம் விட்டு, ஆசாரியே காய வைத்த பலகையில் செய்து கொடுத்தார். பலகையில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் சின்ன மீட்டர் கடைகளில் கிடைக்கிறது. பலகை இறங்கும் அன்றே அதை வைத்துப் பாருங்கள், சுவரில் ஏறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

பணத்துக்காக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். அந்த ஆள் பதில் சொல்லவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயார் செய்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். என்னிடம் கொட்டேஷன், பில், பழுப்பேறிய பேனல் துண்டு, பச்சைப் பலகை ஒன்று, எல்லாம் இருக்கின்றன. ஆத்திரத்தில் பிரித்துத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து வைத்து, தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் சமீபத்தில் கணப்பைச் சுற்றி ‘கல்’ பதித்திருந்தால், இன்று ராத்திரி நெருப்பு மூட்டுவதற்கு முன் கண்ணில் படாத ஒரு ஓரத்தைக் கத்தியால் கீறிப் பாருங்கள். மஞ்சளாக நுரை வந்தால் அதைப் பிரித்தெடுக்கும் வரை தீக்குச்சி உரசாதீர்கள். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் உடனே போன் செய்து சொல்லிவிடுங்கள்.