270 டு வின்: நிறம் மாற்றினால் அதிபர் மாறும் வரைபடம்

அமெரிக்க அதிபரைத் தீர்மானிப்பது நாடு தழுவிய மக்கள் வாக்கு அல்ல, அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலமும் அனுப்பும் தேர்வாளர் குழுவின் (எலக்டோரல் காலேஜ்) வாக்குகள்தாம் என்பதைப் பலமுறை படித்திருந்தாலும், அதன் முழு விளைவு எனக்குப் புரிந்தது 270 டு வின் என்ற இணையதளத்தில் ஒரு மாலை செலவழித்த பிறகுதான். கட்டணம் ஏதும் இல்லை. வரைபடத்தில் ஒரு மாநிலத்தைச் சொடுக்கினால் அது நீலமாகவோ (ஜனநாயகக் கட்சி) சிவப்பாகவோ (குடியரசுக் கட்சி) மாறுகிறது. இரு கட்சிகளின் கூட்டுத்தொகையும் அந்தக் கணமே மாறுகிறது. மொத்தம் 538 வாக்குகள். 270 பெற்றவர் வெற்றியாளர்.

முதலில் 2020 தேர்தல் வரைபடத்தைத் திறந்தேன். பைடன் 306, டிரம்ப் 232. ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் ஆகிய மூன்றை மட்டும் சிவப்பாக்கியதும் இருவரும் 269 என்று சமநிலைக்கு வந்து நின்றார்கள். இந்த மூன்று மாநிலங்களிலும் பைடன் பெற்ற முன்னிலை, சேர்த்துக் கூட்டினாலும் 43,000 வாக்குகளுக்குக் குறைவு. நாடு முழுவதிலும் அவர் பெற்ற முன்னிலையோ சுமார் 70 லட்சம். அத்தகைய சமநிலையில் அரசியல் சாசனத்தின் 12ஆவது திருத்தப்படி முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்குச் செல்லும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பதால் கலிபோர்னியாவும் வயோமிங்கும் சமமாகிவிடும். மூன்று சொடுக்குகளில் இவ்வளவு தொலைவு அழைத்துச் செல்வது சிறந்த கற்பித்தல் கருவி என்றே கருதுகிறேன்.

மற்ற மாநிலங்களைப் போல் எல்லா வாக்குகளையும் மாநிலத்தில் வென்றவருக்கே தராமல், மெய்ன், நெப்ராஸ்கா ஆகிய இரண்டும் தம் வாக்குகளில் ஒரு பகுதியைத் தொகுதிவாரியாகப் பிரித்தளிப்பதையும் தளம் கவனமாகக் காட்டுகிறது. 1789 முதலான எல்லாத் தேர்தல்களுக்கும் தனிப் பக்கங்கள் உள்ளன. மக்கள் வாக்கில் பின்தங்கியவர் தேர்வாளர் வாக்கில் வென்ற 1876, 1888, 2000, 2016 ஆகிய ஆண்டுகளை அடுத்தடுத்துத் திறந்து பார்ப்பது பெரும் பயன் தரும்.

ஆயினும் என் முக்கியமான மனக்குறை இந்த இடத்தில்தான். நாமே நிறம் மாற்றும்போது தேர்வாளர் வாக்கு மட்டுமே கூடிக் குறைகிறது. மக்கள் வாக்குக்கு அங்கே ஒரு கட்டமும் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வயோமிங்கில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். இந்த ஏற்றத்தாழ்வை வரைபடம் சொல்வதில்லை. பரப்பளவே கண்ணை நிறைப்பதால், ஆள் குறைந்த பெருநிலங்கள் தம் தகுதிக்கு மீறிப் பெரிதாகத் தெரிகின்றன. ஒவ்வொரு குடிமகனின் வாக்கும் ஒரே எடை கொண்டதாக இருக்க வேண்டும் என்று நம்புகிற எனக்கு, பக்கத்திலேயே மக்கள் வாக்கின் எண்ணும் ஓடியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால் ஐந்துக்கு நான்கு மதிப்பெண்.

மாணவர்களுடன் அமர்பவர்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து தொடங்கலாம். புளோரிடாவின் 25 வாக்குகளை நீலமாக்கினால் 266-இல் நின்ற அல் கோர் 291-க்கு உயர்கிறார். அந்த மாநிலத்தில் எதிர் வேட்பாளர் புஷ் வென்ற அதிகாரபூர்வ வித்தியாசம் 537 வாக்குகள். நாடு முழுவதும் கோர் புஷ்ஷைவிட 5.4 லட்சத்துக்கும் கூடுதலாகப் பெற்றிருந்தார்.