பாரிமுனை டூல்ஸ் கடைகள்: விமான மெக்கானிக் பெட்டிக்கு எது தேறும், எது தேறாது

சொந்த டூல் பாக்ஸை ஹேங்கருக்குள் (விமானப் பழுதுபார்ப்புக் கூடம்) அனுமதிக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சென்னையில் முதல் வழி பாரிமுனைதான். விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம் ஸ்டேஷன். அங்கிருந்து செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எல்லாம் நடை தூரம். ஞாயிற்றுக்கிழமை போனால் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கைக்கருவி வாங்க அருமையான இடம், சந்தேகமில்லை. ஆனால் இங்கே சரக்கு இருப்பது லேத் பட்டறைக்கும் லாரி ஷெட்டுக்கும். கேட்கிற விதத்தில் கேட்காவிட்டால் பெட்டி நிறையும், வேலை நடக்காது.

முதல் சிக்கல் அளவு. போயிங்கை விடுங்கள், ஐரோப்பாவில் பிறந்த ஏ320-இலும் போல்ட் தலைகளில் பெரும்பகுதி இஞ்ச் கணக்குதான். கடையில் 'ஸ்பேனர் செட்' என்றால் மேசைமேல் வருவது மில்லிமீட்டர் செட். 5/16 தலைக்கு 8 மி.மீ. ஸ்பேனர் ஒட்டிப்போகும் (7.94 மி.மீ.). அந்தத் தைரியத்தில் 3/8-க்கு 10 போட்டால் அரை மி.மீ. ஆட்டம், தலையின் முனைகள் மழுங்கிப் போகும். 7/16-க்கு 11 நுழையவே நுழையாது. சரி, இஞ்சிலேயே கேட்கலாம் என்றால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 'மூணு நூல்' (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) என்று கேட்டால் 3/8 அங்குலத் தண்டுள்ள போல்ட்டுக்கான ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய பிரிட்டிஷ் முறையான விட்வொர்த் ஸ்பேனரில் 3/8 என்று பொறித்திருந்தாலும் அதன் வாய் 18 மி.மீ. இருக்கும். 'ஏஎஃப் அளவு, காலிஞ்ச் டிரைவ், 12 பாயிண்ட்' என்று முழுசாகச் சொல்லுங்கள். ஏஎஃப் என்றால் போல்ட் தலையின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடையிலான அளவு, டிரைவ் என்றால் சாக்கெட்டில் கைப்பிடி பொருந்தும் சதுரம், 12 பாயிண்ட் என்றால் வாயின் உள்ளே பன்னிரண்டு முனை. 1/4, 5/16, 11/32, 3/8, 7/16, 1/2, 9/16 இருந்தால் அன்றாட வேலை ஓடும். செட்டாக வாங்கினால் 11/32 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலவற்றில் அதைத்தான் விட்டிருப்பார்கள்.

சாக்கெட் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். குரோம் பூச்சு உரிகிறதென்றால் அந்தச் செதில் நாளை இன்ஜின் கவுலிங்குக்குள் (இன்ஜினை மூடும் உறை) கிடக்கும். எந்தப் பூச்சு என்று தெரியாத டூலை டைட்டானியம் பாகங்கள் பக்கம் கொண்டுபோகக் கூடாது. காட்மியம் பூச்சாக இருந்தால் டைட்டானியம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவரில் 'பிஎச்' குறி இருக்க வேண்டும். போஸிடிரைவின் 'பிஇசட்' முனை பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பிலிப்ஸ் தலையில் முழுசாக இறங்காமல் நழுவும். பேனல் ஸ்க்ரூ ஒன்று அப்படிக் கெட்டால் துளைத்தெடுப்பதற்குள் ஷிஃப்டே முடிந்துவிடும்.

லாக்வயர் (போல்ட் தளராமல் முறுக்கிக் கட்டும் கம்பி) பிளையர் இப்போது இங்கேயும் கிடைக்கிறது, பைக் ரேஸ் ஆட்கள் புண்ணியத்தில். 9 அங்குலம், இரண்டு பக்கமும் முறுக்கும் ரிவர்சிபிள் வகை போதும். இதை மட்டும் சோதிக்காமல் வாங்காதீர்கள். 0.032 அங்குல (0.81 மி.மீ.) கம்பித் துண்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே முறுக்குங்கள். அங்குலத்துக்கு 6 முதல் 8 முறுக்கு சீராக விழ வேண்டும். பிடியின் பல் கம்பியில் வெட்டுத்தடம் பதித்தால் வேண்டாம். அதிர்வில் அந்த இடத்தில்தான் அறும். இழுக்கும்போது பூட்டு நழுவினாலும் வேண்டாம். மலிவானவற்றில் இந்த இரண்டு குறையும் சேர்ந்தே வருவது வழக்கம். பல்லின் கூர்மையை மட்டும் எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். பூட்டுக் கோளாறுக்கு மருந்தில்லை.

கம்பியை மட்டும் கடையில் தேடவே தேடாதீர்கள். 0.8 மி.மீ. மிக் வெல்டிங் கம்பியை 'இதுவும் ஸ்டெயின்லெஸ்தான் சார்' என்று நீட்டுவார்கள். அது விறைப்பான கம்பி, முறுக்கும்போதே முறியும். லாக்வயர் பதப்படுத்தி மென்மையாக்கியது. எம்எஸ் 20995 என்ற தர எண்ணும் பேட்ச் சான்றும் உள்ள கம்பி நிறுவன ஸ்டோரில் கிடைக்கும், அதுதான் விமானத்தில் ஏற வேண்டும்.

டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்)? வாங்க வேண்டாம். கடைகளில் அதிகம் தொங்குவது அரை இஞ்ச் டிரைவ், 40 நியூட்டன் மீட்டருக்கு மேல் தொடங்கும் டயர் கடை ரகம். விமானத்தில் வரும் சிறிய 10-32 நட்டுக்கு வழக்கமான இறுக்க அளவு 20-25 இஞ்ச்-பவுண்டு, அதாவது 3 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. சரியான ரேஞ்சில் கிடைத்தாலும், சிஏஆர்-145 நிறுவனத்தில் (டிஜிசிஏ அனுமதி பெற்ற விமானப் பராமரிப்பு நிறுவனம்) கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) பட்டியலில் ஏறாத ரெஞ்சால் இறுக்கிய நட்டுக்கு யாரும் கையெழுத்துப் போட முடியாது. மல்டிமீட்டருக்கும் இதே கதைதான், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எவ்வளவு நல்லது கிடைத்தாலும். எல்இடி டார்ச் தாராளமாக வாங்கலாம். ஃப்யூல் டேங்க் பக்கம் மட்டும் தீப்பொறி பாதுகாப்புச் சான்றுள்ளதே செல்லும்.

ஒவ்வொரு டூலிலும் எண் பொறித்து, ஃபோமில் அதற்கென்று குழி வெட்டிய பிறகே பெட்டி ஹேங்கருக்குள் போகட்டும். கடைக்காரர் அன்பாகச் சேர்த்துக் கொடுக்கும் ஓசி பிட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதற்குக் குழி கிடையாது. விமானத்துக்குள் தங்கிவிட்டால் ஷிஃப்ட் முடிவில் எண்ணும்போது கணக்கு சரியாகவே காட்டும்.