என்.டி.ஏ, ஆஃப்கேட், சி.டி.எஸ், கடற்படை: பைலட் ஆக எந்த விண்ணப்பத்தைப் போடுவது?

"என்.டி.ஏ ஈசியா, ஆஃப்கேட் ஈசியா அண்ணா?" காட்பாடியில் நான் நடத்தும் நெட் சென்டரில் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. இரண்டும் ராணுவ பைலட் ஆவதற்கான நுழைவுத் தேர்வுகள்: என்.டி.ஏ பிளஸ் டூவோடு தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போக, ஆஃப்கேட் பட்டம் முடித்தபின் விமானப்படைக்குப் போக. கேள்வியே கோணல் என்பது என் கருத்து. இரண்டு கேள்வித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது லேசு என்று பார்ப்பதில் ஒன்றும் ஆகப்போவதில்லை. உங்கள் வயதுக்கு, பிளஸ் டூ குரூப்புக்கு, கண்ணுக்கு எந்த வழி திறந்திருக்கிறது, அது எப்போது மூடும் என்றுதான் பார்க்க வேண்டும். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

நம் மாவட்டத்துக்குப் பட்டாளம் புதிதில்லை. முதல் உலகப் போருக்குப் போனவர்களின் கணக்கு லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டிலேயே இருக்கிறது. கம்மவான்பேட்டையைக் கேட்டால் வீட்டுக்கு ஒரு ராணுவக்காரர் என்பார்கள். ஆனால் அந்தச் சித்தப்பாக்களும் மாமாக்களும் பெரும்பாலும் மைதானத்தில் ஓடி, ஜவானாகச் சேர்ந்தவர்கள். அந்த அனுபவத்தை வைத்து அவர்கள் வழி சொன்னால் பிள்ளை அக்னிவீர் வாயு விண்ணப்பத்தில் போய் நிற்கிறது. அது விமானப்படைதான், நல்ல வேலையும்தான், ஆனால் பைலட் வேலைக்கு அது வழியில்லை. ராணுவ விமானி என்பவர் கமிஷன், அதாவது அதிகாரி நியமனம், பெற்றவர். அதிகாரிகளுக்கான வழிகளே வேறு.

பிளஸ் டூ முடிக்கும்போதே என்றால் என்.டி.ஏ

யு.பி.எஸ்.சி ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. விமானப்படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். ஆக பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர்-மேத்ஸ் பிள்ளைகள் போகலாம். பியூர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு இந்தக் கதவு பதினோராம் வகுப்புச் சேர்க்கை அன்றைக்கே மூடிவிட்டது. பத்தாம் வகுப்பு லீவில் இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாததுதான் கொடுமை.

கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600, அதற்கு மேல் நேர்காணல் வாரியத்தில் 900. கணிதப் பாடத்திட்டம் நம் பதினொன்று, பன்னிரண்டு பாடப்புத்தகத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். சிக்கல் வேறு இடத்தில். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்த பையனுக்கு அணியும் தெரியும், வகையீடும் தெரியும். 'மேட்ரிக்ஸ்', 'டிஃபரன்ஷியேஷன்' என்று பார்த்தால் ஒரு நொடி திணறுவான். இரண்டரை மணி நேரத்தில் 120 கணக்கு போட வேண்டிய இடத்தில் அந்த ஒரு நொடிக்கு விலை அதிகம். தவறான விடைக்கு மதிப்பெண் பிடிப்பும் உண்டு.

காலக்கெடுவையும் கவனியுங்கள். முதல் சுற்றின் அறிவிப்பு பொதுவாக டிசம்பரில், நம் பிள்ளைகள் அரையாண்டுத் தேர்வில் மூழ்கியிருக்கும்போது வரும். தேர்வு ஏப்ரலில், பொதுத்தேர்வு எழுதிய களைப்பு தீர்வதற்குள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பது பல பள்ளிகளில் சொல்லப்படுவதே இல்லை.

தேறிவிட்டால் புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் உள்ள விமானப்படை அகாடமி. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அரசுச் செலவு. பட்டமும் கிடைக்கும், நிரந்தரக் கமிஷனும் கிடைக்கும். தனியாரில் பைலட் லைசென்ஸ் எடுக்கப் பல லட்சம் கொட்டும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆண் பிள்ளையா, பதினேழு வயதா, கண்ணில் பவர் இல்லையா? இதைத்தான் முதலில் போடச் சொல்வேன். பெண் பிள்ளை என்றால் என் கணக்கு கொஞ்சம் மாறும். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2022-இல்தான் முதல் பெண்கள் அணி என்.டி.ஏவுக்குள் போனது. அண்மை அறிவிப்புகளில் விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு 92 இடம், அதில் பெண்களுக்கு 2. போடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை மட்டுமே நம்பி கல்லூரிச் சேர்க்கையைக் கோட்டை விடாதீர்கள்.

பட்டம் வாங்கியபின் என்றால் எது?

இங்கேதான் நிஜமான போட்டி. ஆஃப்கேட் விமானப்படையே நடத்துவது, சி.டி.எஸ் என்ற ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு யு.பி.எஸ்.சி நடத்துவது. இரண்டுக்கும் பறக்கும் பிரிவில் வயது 20 முதல் 24. செல்லுபடியாகும் வணிக விமானி உரிமம் வைத்திருந்தால் 26 வரை.

ஆஃப்கேட்டுக்கு ஏதாவது ஒரு பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். பி.ஏ. படித்தவரும் பி.காம். படித்தவரும்கூட அந்த பிளஸ் டூ மதிப்பெண் இருந்தால் போகலாம். கடைசி ஆண்டு மாணவர்களும் போடலாம், ஆனால் அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது. நம் ஊர் இன்ஜினியரிங் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இந்த ஒரு வரியில்தான். தேர்வு இரண்டு மணி நேரம், 100 கேள்வி, 300 மதிப்பெண், தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும். ஆங்கிலம், பொது அறிவு, எண் திறன், தர்க்கம். கட்டணம் 550 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்.

சி.டி.எஸ்ஸில் விமானப்படை அகாடமிக்குப் போக பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த பட்டதாரியாகவோ பொறியியல் பட்டதாரியாகவோ இருக்க வேண்டும். ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் மூன்றுக்கும் தலா 100. கணிதம் பத்தாம் வகுப்புத் தரம்தான், பொது அறிவுதான் ஆளைச் சாய்க்கும். ஒரு சுற்றுக்கு விமானப்படைக்கு 32 இடம். இந்த இடங்கள் ஆண்களுக்கு மட்டும். ஆக பட்டம் முடித்த பெண்ணுக்கு விமானப்படையில் ஆஃப்கேட்தான் வாசல்.

தேர்வின் கடினத்தைவிட எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் இது: சி.டி.எஸ் வழியில் நிரந்தரக் கமிஷன், ஆஃப்கேட் வழியில் பறக்கும் பிரிவுக்கு 14 ஆண்டு குறுகிய காலப் பணி, நீட்டிப்பு கிடையாது. முப்பத்தாறு, முப்பத்தேழு வயதில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வருவீர்கள். "அப்புறம் என்னப்பா பண்ணுவ?" என்று வீட்டில் கேட்பார்கள். பறந்த மணிக்கணக்கோடு வெளியே வருபவர்களைப் பயணிகள் விமான நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதனால் எனக்கு இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஓய்வூதியத்தையே வேலையின் அளவுகோலாக வைத்திருக்கும் வீடுகள் மட்டும் முதலிலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும். இரண்டு தேர்வுக்கும் படிப்பு பாதிக்கு மேல் ஒன்றே. ஆண் பிள்ளைகள் இரண்டையும் போடுவதில் நஷ்டம் இல்லை.

என்.சி.சி. வழியை ஏனோ யாரும் பேசுவதில்லை. விமானப் பிரிவின் சீனியர் டிவிஷன் 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக நேர்காணல் வாரியம். சி.டி.எஸ், ஆஃப்கேட் இடங்களில் பத்துப் பத்து சதவீதம் இவர்களுக்கென்று உண்டு. ஒரு நிபந்தனை, அது விமானப் பிரிவாக இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது ராணுவப் பிரிவு. அந்தச் சான்றிதழ் தரைப்படைக்கு உதவும், இங்கே செல்லாது. கல்லூரி சேரும் முன் இதைக் கேட்டுக்கொள்வது ஹாஸ்டல் மெஸ் எப்படி என்று கேட்பதைவிட முக்கியம்.

அரக்கோணத்துக்காரர்கள் மறக்கும் கடற்படை

பைலட் என்றதும் எல்லாருக்கும் விமானப்படை ஞாபகம்தான். அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போவதற்கு முன் நம் வேலூர் மாவட்டம்தானே? அங்கே 1992-இல் தொடங்கிய ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படையின் விமானத் தளம். கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறும் பள்ளியும் அங்கேதான். கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியான அனாமிகா பி. ராஜீவ் 2024 ஜூனில் தன் பறக்கும் சின்னத்தை வாங்கியது அந்த மைதானத்தில். தலைக்கு மேலே தினம் பறக்கிறது, அதை ஓட்டுபவர் எப்படிப் போனார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

கடற்படையின் குறுகிய காலக் கமிஷன் பைலட் பணிக்கு பி.இ., பி.டெக். வேண்டும், 60 சதவீதத்தோடு. பத்திலும் பன்னிரண்டிலும் 60, ஆங்கிலத்தில் 60. எழுத்துத் தேர்வு இல்லை. பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்தே நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள். ஆண், பெண் இருவரும் போடலாம். நல்ல சி.ஜி.பி.ஏ. வைத்திருந்து, போட்டித் தேர்வு என்றால் கைநடுங்கும் பொறியியல் பிள்ளைக்கு ஆஃப்கேட்டைவிட இது மேல். பணிக்காலமும் நீட்டிப்பும் எத்தனை ஆண்டு என்று அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. காரர்களுக்கு இது இல்லை, அவர்கள் ஆஃப்கேட் பக்கம் திரும்ப வேண்டியதுதான்.

எந்த வழியில் போனாலும் கண்ணும் கருவியும்

கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் கண் மருத்துவரிடம் போங்கள். சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையோ, தெருமுனையில் இருக்கும் கண் டாக்டரோ, கண்ணில் மருந்து விட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். பறக்கும் பிரிவுக்கு ஒரு கண் 6/6, மற்றது 6/9 வரை. மைனஸ் பவர் கண்ணாடி போட்டவருக்கு அப்படியே இடம் இல்லை. லேசர் செய்துகொண்டால்? வழிகளுக்குள் வேறுபாடு வருவது இங்கேதான். என்.டி.ஏவில் விமானப்படைக்கு லேசர் செய்த கண்ணை ஏற்பதில்லை. ஆஃப்கேட்டில் இருபது வயதுக்குப் பிறகு செய்து, பன்னிரண்டு மாதம் கடந்திருந்தால், மற்ற அளவுகளையும் பார்த்துப் பரிசீலிக்கிறார்கள். ஆக, பதினேழு வயதில் மைனஸ் ஒன்று இருக்கும் பையன் என்.டி.ஏ கோச்சிங்கில் இரண்டு வருடத்தைக் கரைப்பதில் அர்த்தமே இல்லை. அவன் பட்டம் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம். நிறக்குருடு இருந்தால் எந்த வழியும் இல்லை.

உயரம் குறைந்தது 162.5 செ.மீ. பெண்களுக்கும் இதே அளவு. கால் நீளம் 99-க்கும் 120-க்கும் நடுவில், தொடை நீளம் 64-க்குள். விமானி இருக்கையில் அடங்க வேண்டும் என்பதால் அதிக நெடியவர்களும் திரும்பி வருவதுண்டு.

அடுத்தது சி.பி.எஸ்.எஸ். என்ற கருவித் தேர்வு. நேர்காணல் வாரியம் தேர்ந்தெடுத்த பிறகுதான் இது. உயரமானி, திசைகாட்டி, செயற்கை அடிவானம் ஆகியவற்றின் படங்களைப் பார்த்து விமானம் எந்த நிலையில் போகிறது என்று சொல்ல வேண்டும். அதில் தேறினால் கையில் ஸ்டிக், காலில் பெடல். திரையில் நழுவிக்கொண்டே இருக்கும் குறியைப் பிடித்து நிறுத்த வேண்டும். வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. என்.டி.ஏவில் போனபோது இதில் தவறினால் ஆஃப்கேட், சி.டி.எஸ் வழியாகத் திரும்ப வந்து பைலட் ஆக முடியாது. தரைப்பணிக்கு வேண்டுமானால் வரலாம். அதனால் என்.டி.ஏவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். பதினெட்டில் ஒத்துழைக்காத கையும் காலும் இருபத்திரண்டில் ஒத்துழைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆனால் கருவிப் படங்களைப் படிக்கப் பழகாமல் மட்டும் போகாதீர்கள், அது பழக்கத்தில் வரும்.

இனிஷியல் பிரச்சினை

என் கடையில் அதிக நேரம் தின்பது இதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கீர்த்தனா எஸ்', ஆதாரில் 'கீர்த்தனா சரவணன்', கல்லூரி அட்டையில் 'எஸ். கீர்த்தனா'. நமக்கு மூன்றும் ஒரே பெண். வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்று பேர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள், பிறந்த தேதியும் அதன்படியே. கடைசிப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்துப் பதறி ஊர்ப் பெயரைப் போட்டு நிரப்பாதீர்கள். ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுவது சுலபம், சான்றிதழை மாற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும். அறிவிப்பு வருவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். கடைசி நாள் ராத்திரி பத்தரைக்கு "அண்ணா, ஓ.டி.பி. வரல" என்று நிற்பவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

நேர்காணல் வாரியம் டேராடூன், காந்திநகர், வாரணாசி, மைசூர் என்று பல ஊர்களில் இருக்கிறது. தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் மைசூர்தான் நமக்கு வசதி, காட்பாடியில் ஏறினால் நேர் ரயில். முதல் நாளே மங்கலான ஒரு படத்தை முப்பது நொடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்லி, குழுவாகப் பேசவிடுவார்கள். பாதிக்கு மேல் அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறும். இலக்கணப் பிழையோடு பேசினாலும் பரவாயில்லை, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்தான் திரும்புகிறார். அதே வகைக் கமிஷனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு ஏசி மூன்றடுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், வங்கிக் கணக்கு விவரத்தின் நகலும் பையில் இருக்கட்டும்.