பி.எம். ஸ்வநிதி: கடன் சரி, இடம்?

தண்டலில் 10,000 ரூபாய் கேட்கும் தள்ளுவண்டிக்காரருக்கு 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பதும், அவர் நாளுக்கு நூறாக நூறு நாள் கட்டுவதும் சந்தையில் சகஜம். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். சாலையோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் வந்த மத்திய அரசின் கடன் திட்டமான ஸ்வநிதியை இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். முதல் கடன் இப்போது 15,000. ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. சொத்து ஜாமீன் கிடையாது. வங்கி 12 சதவீதம் போட்டால், 12 மாதத்தில் கட்டும் முதல் கடனுக்கு மாதத் தவணை சுமார் 1,333, மொத்த வட்டி ஆயிரத்துக்குள். அதிலும் 7 சதவீத வட்டி மானியம் கணக்குக்குத் திரும்பி வரும். இந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பணம் தருவது வங்கி என்றாலும் சாவி உள்ளாட்சியிடம். அது தந்த வியாபாரி அடையாள அட்டையோ விற்பனைச் சான்றோ இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம். உள்ளாட்சி எடுத்த வியாபாரிகள் கணக்கெடுப்பில் விடுபட்டவருக்கு அதன் பரிந்துரைக் கடிதம் தேவை. அதற்கு வியாபாரிகள் சங்க அட்டை போன்ற ஏதாவது ஓர் ஆதாரம் போதும்; அதுவும் இல்லாதவர் வெள்ளைத்தாளில் மனு கொடுத்து, கடை போடும் இடத்திலேயே விசாரிக்கச் சொல்லலாம். இந்தக் கடைசி வழி பலருக்குத் தெரிவதில்லை.

விண்ணப்பம் அதிகம் சிக்குவது கைபேசி எண்ணில். ஆதாரில் பழைய எண் கிடந்தால் ஓடிபி வராது, எல்லாம் அங்கேயே நின்றுவிடும். முதலில் அதை மாற்றிவிட்டு இ-சேவை மையத்துக்குப் போவது நல்லது. பழைய குழுக்கடன் பாக்கி இருந்தால் வங்கி தயங்கும்.

தவணை மாதத்துக்கு ஒருமுறை, வருமானமோ அன்றாடம். திட்டத்தின் பெரிய பொருத்தமின்மை இதுதான். தவணை நாளில் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் வங்கி அபராதம் பிடிக்கும். கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போனால் மானியமும் நிற்கும், அடுத்த கடனும் போகும். கடை போடும் நாளெல்லாம் 50 ரூபாய் கணக்கில் போட்டால், 27 நாளில் தவணை சேர்ந்துவிடும்.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். திட்டம் சரக்குக்குப் பணம் தருகிறது, நிற்க இடம் தருவதில்லை. கடன் வாங்கச் சான்று கொடுத்த அதே உள்ளாட்சியின் லாரி மறுவாரம் வண்டியைத் தூக்கினாலும் தவணை நிற்காது. 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்று தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது; இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஊரின் சாலையோர வியாபாரத்தைக் கவனிக்க அந்தச் சட்டம் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகள் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். அந்தக் குழு கூடாத ஊரில் இதெல்லாம் தாளோடு சரி.

வண்டியை எடுத்தே தீருவோம் என்றால், கையெழுத்திட்ட பறிமுதல் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் கட்டியதும் காய், பழம் போன்றவை அன்றே, மற்றவை இரண்டு வேலை நாளுக்குள் திரும்ப வரவேண்டும். பட்டியல் கையில் இல்லாவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது?